கழித்து வர்க்கமாக்குவதா, வர்க்கமாக்கிக் கழிப்பதா? சுழற்சிக் கன அளவு பற்றிய கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒய் = எக்ஸ் என்ற நேர்கோட்டுக்கும் ஒய் = எக்ஸ்² என்ற பரவளையத்துக்கும் இடையே, எக்ஸ் 0 முதல் 1 வரை அடைபடும் பரப்பை எக்ஸ் அச்சைப் பற்றிச் சுழற்றினால் உருவாகும் திடப்பொருளின் கன அளவு கேட்கப்பட்டிருக்கிறது. நீங்கள் இரு சார்புகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, பையால் பெருக்கி, தொகையிட்டு பை/30 என்று விடை கண்டிருக்கிறீர்கள்; புத்தகத்தில் 2பை/15 என்று இருக்கிறது. இதே பரப்பை ஒய் அச்சைப் பற்றிச் சுழற்றும்போது வாஷர் முறையை (நடுவில் ஓட்டையுள்ள வளையங்களாக வெட்டி அளப்பது) எடுப்பதா, ஷெல் முறையை (உருளை ஓடுகளாக உரித்து அளப்பது) எடுப்பதா, இரண்டும் எப்படி ஒரே விடையைத் தருகின்றன என்பது உங்களுடைய அடுத்த ஐயம். இவை இரண்டு கேள்விகள் போலத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு மெல்லிய பட்டை அச்சைச் சுற்றி வரும்போது எவ்வளவு இடத்தை நிரப்புகிறது, அந்த அளவு அச்சிலிருந்து பட்டை இருக்கும் தொலைவை எப்படிச் சார்ந்திருக்கிறது? பட்டப்படிப்பின் முதலாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்திவருகிறேன். சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்தத் தொலைவைக் கவனிக்காமல் விடுவதால் வருபவை என்பது என் உறுதியான கருத்து.

எந்தத் திடப்பொருளையும் ஓர் அச்சுக்குச் செங்குத்தாக மெல்லிய துண்டுகளாக வெட்டினால், ஒவ்வொரு துண்டின் கன அளவும் ஏறத்தாழ வெட்டுமுகப் பரப்பை அதன் தடிமனால் பெருக்கியதற்குச் சமம். துண்டுகளை மேலும் மேலும் மெல்லியதாக்கி எல்லைக்குக் கொண்டு போகும்போது அந்தக் கூட்டல் வரையறுத்த தொகையீடாகிறது. சுழற்சியால் உருவாகும் பொருளில் நமக்குக் கிடைக்கும் வசதி, வெட்டுமுகம் எப்போதும் ஒரு வட்டமாகவோ வட்ட வளையமாகவோ இருப்பதுதான். வளைவரைக்கும் அச்சுக்கும் இடையே வெற்றிடம் இல்லையென்றால் அது முழு வட்டம். ஆரம் ஒய் என்றால் பரப்பு பை × ஒய்². இதுதான் டிஸ்க் முறை. ஆர் ஆரமுள்ள அரைவட்டத்தை அதன் விட்டத்தைப் பற்றிச் சுழற்றினால், ஒய்² என்பதற்குப் பதிலாக ஆர்² − எக்ஸ்² என்று இட்டு, −ஆர் முதல் ஆர் வரை தொகையிட்டால் 4/3 × பை × ஆர்³ என்ற கோளத்தின் கன அளவு இரண்டே வரிகளில் வந்துவிடுகிறது. கோளத்தின் கன அளவு அதைச் சரியாக உள்ளடக்கும் உருளையின் கன அளவில் மூன்றில் இரண்டு பங்கு என்ற இதே உண்மையைத் தொகையீட்டுக் குறியீடு எதுவும் இல்லாத காலத்தில் நிறுவிய ஆர்க்கிமிடீஸ், அதையே தன் தலையாய கண்டுபிடிப்புகளுள் ஒன்றாகக் கருதினார்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். அச்சுக்கும் நம் பரப்புக்கும் இடையே, பரவளையத்துக்குக் கீழே, வெற்றிடம் இருக்கிறது. ஆகவே வெட்டுமுகம் நடுவில் ஓட்டை உள்ள வளையம். எக்ஸ் = 1/2 என்ற ஒரே ஓர் இடத்தில் மட்டும் கத்தியை வைத்துப் பாருங்கள். அங்கே நேர்கோட்டின் உயரம் 1/2, பரவளையத்தின் உயரம் 1/4. வெளி ஆரம் 1/2 கொண்ட வட்டத்தின் பரப்பு பை/4. அதிலிருந்து வெட்டி எடுக்க வேண்டிய உள்வட்டத்தின் பரப்பு பை/16. மீதமுள்ள வளையத்தின் பரப்பு 3பை/16. நீங்கள் செய்தபடி முதலில் கழித்தால் 1/2 − 1/4 = 1/4; அதை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பு பை/16. அதாவது இந்த இடத்தில் உங்கள் வெட்டுமுகம் உண்மையான வெட்டுமுகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். எக்ஸ் = 0.1 என்ற இடத்தில் உண்மையான வளையம் பை × 0.0099, உங்களுடையது பை × 0.0081, வித்தியாசம் சிறிது. எக்ஸ் = 0.9 என்ற இடத்திலோ முன்னது பை × 0.1539, பின்னது பை × 0.0081, உண்மையான வளையம் உங்களுடையதைப்போல் 19 மடங்கு. 0.1 என்ற இடத்திலும் 0.9 என்ற இடத்திலும் இரு வளைவரைகளுக்கு இடைப்பட்ட பட்டையின் நீளம் ஒன்றே, 0.09 என்பதைக் கவனியுங்கள். நீளம் சமமாக இருந்தும் வளையங்கள் இவ்வளவு வேறுபடுவதற்குக் காரணம், ஒரு பட்டை அச்சுக்கு அருகில் சுழல்கிறது, மற்றொன்று அச்சிலிருந்து விலகிப் பெரிய சுற்றில் சுழல்கிறது. இயற்கணிதமும் இதையே சொல்கிறது: வெளி ஆரத்தின் வர்க்கத்திலிருந்து உள் ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் வருவது, அவற்றின் வித்தியாசத்தையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் பெருக்கிய பலன். நீங்கள் எழுதியதில் வித்தியாசம் இரு முறை இருக்கிறது. கூட்டுத்தொகை காணாமல் போய்விட்டது. அச்சிலிருந்து பட்டை இருக்கும் தொலைவு அந்தக் கூட்டுத்தொகைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. சரியாக எழுதினால் எக்ஸ்² − எக்ஸ்⁴ என்பதை 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும்; 1/3 − 1/5 = 2/15; பையால் பெருக்க 2பை/15.

உங்கள் பை/30 பொருளற்ற எண் அல்ல என்பதையும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஒரு தவறான விடை எந்தக் கணக்கின் சரியான விடை என்று தேடுவதைப் போலக் கற்றுத்தரும் பயிற்சி வேறில்லை. உங்கள் பரப்பில் உள்ள ஒவ்வொரு செங்குத்துப் பட்டையையும் நேராகக் கீழே இறக்கி, அதன் அடி எக்ஸ் அச்சைத் தொடும்படி வையுங்கள். ஒய் = எக்ஸ் − எக்ஸ்² என்ற வளைவரைக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட புதிய வடிவம் கிடைக்கும். அதன் பரப்பு பழைய பரப்புக்குச் சமம், இரண்டும் 1/6. அந்தப் புதிய வடிவத்தைச் சுழற்றினால் கிடைக்கும் கன அளவுதான் உங்கள் பை/30. பரப்பு மாறவில்லை, கன அளவு மட்டும் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஏன் சரியாக நான்கு? பழைய பரப்பின் நிறைமையம், அதாவது அதன் எல்லாப் புள்ளிகளின் சராசரி இடம், எக்ஸ் அச்சிலிருந்து 2/5 உயரத்தில் இருக்கிறது. இறக்கி வைத்த வடிவத்தின் நிறைமையம் 1/10 உயரத்தில் இருக்கிறது. ஒன்று மற்றொன்றைப்போல் நான்கு மடங்கு.

இங்கே பயன்படுவது பாப்பஸ் தேற்றம். கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ் இதைச் சொல்லியிருக்கிறார். 17-ஆம் நூற்றாண்டில் பால் குல்டின் மீண்டும் வெளியிட்டதால் இருவர் பெயராலும் வழங்குகிறது. ஒரு தளப் பரப்பை, அதே தளத்தில் உள்ளதும் அதை ஊடறுக்காததுமான ஓர் அச்சைப் பற்றி ஒரு முழுச் சுற்றுச் சுழற்றினால், கிடைக்கும் கன அளவு அந்தப் பரப்பையும் அதன் நிறைமையம் நடந்த தூரத்தையும் பெருக்கிய பலன். உங்கள் கணக்கில் பரப்பு 1/6, நிறைமையம் நடந்த தூரம் 2பை × 2/5; பெருக்கினால் 2பை/15. தேர்வில் விடையைச் சரிபார்க்க இதைவிடக் குறுகிய வழி எனக்குத் தெரியாது. ஆனால் நிறைமையத்தைக் கண்டுபிடிக்கவே பல நேரம் அதே தொகையீட்டைச் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், நிறைமையம் சமச்சீரால் முன்பே தெரிந்த வடிவங்களில்தான் இதன் முழுப் பயன் கிடைக்கிறது. வட்டத்தை அதற்கு வெளியே உள்ள அச்சைப் பற்றிச் சுழற்றினால் வரும் மெதுவடை வடிவத்துக்கு, வட்டத்தின் ஆரம் ஆ, மையம் அச்சிலிருந்து இருக்கும் தொலைவு தொ என்றால், 2 × பை² × ஆ² × தொ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். வாஷர் முறையில் அதே விடைக்கு ஒரு பக்கம் செலவாகும்.

இனி ஒய் அச்சு. அதே பரப்பு, அச்சு மட்டும் வேறு. கிடையாக வெட்டினால், ஒய் உயரத்தில் வெளி ஆரம் பரவளையத்திலிருந்து வருகிறது, அதாவது ஒய்யின் வர்க்கமூலம். உள் ஆரம் நேர்கோட்டிலிருந்து வருகிறது, அதாவது ஒய். வர்க்கங்களைக் கழித்து ஒய் − ஒய்² என்பதை 0 முதல் 1 வரை தொகையிட 1/6, விடை பை/6. எக்ஸ் அச்சுக்கு வெளிப்புறமாக இருந்த நேர்கோடு இங்கே உட்புறமாகிவிட்டது. பலர் இதைக் கவனிக்காமல் எதிர்க்குறி விடை பெறுகிறார்கள். ஷெல் முறையில், செங்குத்துப் பட்டையை அப்படியே எடுத்து ஒய் அச்சைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றுகிறோம். அதனால் மேலும் கீழும் திறந்த ஓர் உருளை ஓடு உருவாகிறது. அந்த ஓட்டின் சுற்றளவு 2பை × எக்ஸ், உயரம் எக்ஸ் − எக்ஸ்², தடிமன் மிகச் சிறிது. மூன்றையும் பெருக்கித் தொகையிட்டால் 2பை × (1/3 − 1/4), மீண்டும் பை/6.

இந்த உருளை ஓட்டினை வெட்டிப் பிரித்துத் தட்டையாக விரித்தால் அது ஒரு மெல்லிய செவ்வகப் பலகை என்றுதான் பெரும்பாலும் விளக்கப்படுகிறது. கூர்ந்து கேட்கும் மாணவர் இதை ஏற்க மாட்டார். ஓட்டின் வெளிச் சுற்றளவும் உள் சுற்றளவும் சமம் இல்லையே என்பார். அவர் கேட்பது நியாயம்தான். எனவே துல்லியமாகவே எழுதுவோம். உள் ஆரம் எக்ஸ், தடிமன் த என்றால், ஓட்டின் அடிப்பரப்பு பை × (எக்ஸ் + த)² − பை × எக்ஸ்². விரித்தால் 2பை × எக்ஸ் × த, அதனுடன் பை × த². முதல் உறுப்பு நம் சூத்திரம். இரண்டாவது உறுப்புதான் அந்த மாணவர் சுட்டிய பிழை. 0 முதல் 1 வரையுள்ள இடைவெளியை ஆயிரம் பட்டைகளாகப் பிரித்தால் த = 1/1000; ஒவ்வொன்றிலும் பிழை பை/10,00,000; உயரங்கள் எதுவும் 1-ஐத் தாண்டாததால் ஆயிரம் பட்டைகளின் மொத்தப் பிழை பை/1000-ஐத் தாண்டாது. பத்தாயிரம் பட்டைகளானால் பை/10,000. பட்டைகள் கூடக் கூடப் பிழை பூச்சியத்தை நெருங்குகிறது. த²-ஐ நாம் வசதிக்காகத் தள்ளிவிடவில்லை. எல்லையில் அது தானாகவே மறைகிறது. இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தருவதில் வியப்பு ஏதும் இல்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். ஒரே பொருளை ஒருவர் குறுக்காக வெட்டி அளக்கிறார், மற்றவர் வெங்காயத்தை உரிப்பதுபோல் உரித்து அளக்கிறார்.

எதை எப்போது எடுப்பது என்பதற்குத் தப்பாத விதி எதுவும் கிடையாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: பட்டை அச்சுக்குச் செங்குத்தாக நின்றால் வாஷர் கிடைக்கும், இணையாக நின்றால் ஷெல் கிடைக்கும். ஆகவே எந்தத் திசையில் பட்டையை நிறுத்தினால் அதன் இரு முனைகளையும் எளிதாக எழுத முடியும் என்று முதலில் பாருங்கள். முறை தானாக முடிவாகிவிடும். ஒய் = எக்ஸ் − எக்ஸ்³ என்ற வளைவரைக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடையே 0 முதல் 1 வரை உள்ள பரப்பை ஒய் அச்சைப் பற்றிச் சுழற்றச் சொன்னால், வாஷர் முறைக்கு ஒவ்வோர் உயரத்திலும் எக்ஸின் இரண்டு மதிப்புகள் வேண்டும்; அவற்றைப் பெற ஒரு முப்படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். ஷெல் முறையில் எக்ஸ்² − எக்ஸ்⁴ என்பதைத் தொகையிட்டு 4பை/15 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். பள்ளிப் பாடம் பெரும்பாலும் டிஸ்க் முறையோடு நின்றுவிடுவதால், கல்லூரிக்கு வரும் மாணவர்கள் ஷெல் முறையை ஒரு குறுக்குவழியாகவே நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நியூட்டன் பிறப்பதற்கு முந்திய ஆண்டான 1641-இல், இத்தாலியக் கணிதவியலாளர் எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி, ஒய் = 1/எக்ஸ் போன்ற அதிபரவளையத்தைச் சுழற்றி வரும், முடிவில்லாமல் நீளும் கொம்பு வடிவப் பொருளின் கன அளவு முடிவுள்ளது என்று காட்டியபோது, அவர் கையாண்டது ஒரே அச்சைச் சூழ்ந்த உருளைப் பரப்புகளைத்தான். ஷெல் முறையின் வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் கொம்பு இன்னொரு பொதுவான ஐயத்தையும் எழுப்புகிறது. எக்ஸ் 1-இலிருந்து தொடங்கி முடிவிலி வரை போகும் அந்தப் பொருளின் கன அளவு பை. அதன் புறப்பரப்போ முடிவிலி. மாணவர்கள் கேட்பது இது: வளைவரை சாய்ந்து செல்லும்போது, துண்டின் ஓரத்தைச் சாய்வில்லாத நேர் ஓரமாக வைத்துக்கொண்டு கன அளவைக் காண்கிறோமே, புறப்பரப்புக்கு மட்டும் ஏன் சாய்வு நீளத்தைப் பயன்படுத்த வேண்டும்? ஒரு கூம்பில் சோதித்துப் பாருங்கள். ஆரம் 1, உயரம் 1. துண்டுகளுக்கு உள்ளே அடங்கும் தட்டுகளின் மொத்தக் கன அளவு கூம்புக்குக் குறைவு. வெளியே சூழும் தட்டுகளின் மொத்தம் கூம்புக்கு அதிகம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி கடைசித் தட்டு ஒன்றின் கன அளவுக்குச் சமம். துண்டுகள் மெலிய மெலிய அந்தக் கடைசித் தட்டும் மெலிந்து மறைகிறது; கன அளவு இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொண்டு பை/3 ஆகிவிடுகிறது. புறப்பரப்புக்கு இப்படி ஒரு சிறைப்பிடிப்பு இல்லை. படிப்படியான தட்டுகளின் பக்கவாட்டுப் பரப்பை மட்டும் கூட்டினால், எத்தனை ஆயிரம் துண்டுகள் போட்டாலும் அது பை என்ற மதிப்பையே நெருங்கும். கூம்பின் உண்மையான வளைபரப்போ பை × 2-இன் வர்க்கமூலம். படிக்கட்டு எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அது சாய்தளத்தின் நீளத்தைப் பெறுவதில்லை. ஆகவே கன அளவுக்குச் சாய்வு வேண்டாம், புறப்பரப்புக்குச் சாய்வு கட்டாயம் வேண்டும்.

இதுவரை சொன்னவை அனைத்தும் ஐயத்துக்கு இடமில்லாதவை. வளைவரை உறுதியாகத் தெரிந்தால் கன அளவும் உறுதியாகத் தெரியும். ஐயம் நுழைவது உண்மையான பொருள்களை அளக்கும்போதுதான். 1613-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தன் இரண்டாவது திருமணத்தை ஒட்டி வானியலாளர் ஜோஹன்னஸ் கெப்ளர் திராட்சை மதுப் பீப்பாய்களை வாங்கினார். வணிகர் பீப்பாயின் நடுத்துளை வழியே ஓர் அளவுக்கோலைச் சாய்வாக அடிமூலை வரை நுழைத்து, கோல் நனைந்த நீளத்தைப் பார்த்தே கன அளவையும் விலையையும் சொன்னார். ஒல்லியான பீப்பாய்க்கும் குண்டான பீப்பாய்க்கும் ஒரே கோல் எப்படிப் பொருந்தும் என்ற கேள்வி கெப்ளரை விடவில்லை. 1615-இல் அதற்காகவே ஒரு நூல் வெளியிட்டார். பீப்பாயையும் அதைப் போன்ற பல சுழற்சி வடிவங்களையும் மெல்லிய துண்டுகளாகப் பிரித்து அளந்த அந்த நூல், தொகை நுண்கணிதத்துக்குப் போகும் பாதையில் ஒரு முக்கியமான படி. ஆஸ்திரியப் பீப்பாய்களின் விகிதம், ஒரே கோல் நீளத்துக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய கன அளவுக்கு அருகில் இருக்கிறது, அந்த உச்சத்தின் அருகில் வடிவம் சற்று மாறினாலும் கன அளவு மிகக் குறைவாகவே மாறும் என்றும் அவர் கண்டார். உச்ச மதிப்பில் வகைக்கெழு பூச்சியம் என்று இன்று நாம் சொல்வதன் முன்னோட்டம் இது.

அந்தப் பீப்பாயை நாமே கணக்கிட்டால் ஐயம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகும். உயரம் 100 சென்டிமீட்டர், நடுவில் ஆரம் 40, இரு முனைகளிலும் ஆரம் 30 என்று கொள்வோம். பக்கப் பலகையின் வளைவு பரவளையம் என்று எடுத்துக்கொண்டு டிஸ்க் முறையில் தொகையிட்டால் கன அளவு ஏறத்தாழ 425.2 லிட்டர். அதே அளவுகளுடன் வளைவு நீள்வட்டத்தின் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 429.4 லிட்டர். இரண்டுக்கும் 4 லிட்டருக்கு மேல் வித்தியாசம். தொகையீடு இரண்டிலும் பிழையற்றது. எந்த வளைவரை என்பதுதான் நமக்குத் தெரியாது. மூன்று இடங்களில் மட்டும் ஆரத்தை அளந்துகொண்டு இதற்கு மேல் துல்லியம் கோருவது சரியாகாது. இன்னும் இரண்டு இடங்களில் நூலைச் சுற்றிச் சுற்றளவை அளந்து, ஒவ்வொரு சுற்றளவின் வர்க்கத்தையும் 4பையால் வகுத்து வெட்டுமுகப் பரப்பைப் பெற்று, சிம்ப்சன் விதியால் கூட்டினால் நிலைமை நன்றாகச் சீரடையும். முனைப் பரப்பு, நடுப்பரப்பின் நான்கு மடங்கு, மறுமுனைப் பரப்பு மூன்றையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, 6-ஆல் வகுக்கும் அந்த விதியின் எளிய வடிவத்தை ஜெர்மன் மொழியில் இன்றும் கெப்ளரின் பீப்பாய் விதி என்றே அழைக்கிறார்கள். நீள்வட்டப் பீப்பாயில் வெட்டுமுகப் பரப்பு இருபடிச் சார்பாக இருப்பதால் அது துல்லியமான விடையைத் தரும். பரவளையப் பீப்பாயில் பரப்பு நான்காம் படிக்குப் போவதால் தோராயத்தையே தரும்.

தொகையீடு கைகொடுக்காத இடங்களும் உண்டு. ஈ என்ற மாறிலியை −எக்ஸ்² என்ற அடுக்குக்கு உயர்த்தினால் வரும் மணி வடிவ வளைவரையை எக்ஸ் அச்சைப் பற்றி 0 முதல் 1 வரை சுழற்றச் சொன்னால், டிஸ்க் முறையில் வரும் தொகையீட்டுக்கு நாம் அறிந்த அடிப்படைச் சார்புகளால் எழுதக்கூடிய விடை இல்லை. எண்முறையில்தான் காண முடியும். அதையே ஒய் அச்சைப் பற்றிச் சுழற்றினால் ஷெல் முறையில் எக்ஸ் ஒரு காரணியாக வந்து சேர்ந்து, தொகையீடு உடனே முடிந்துவிடுகிறது. 0 முதல் முடிவிலி வரை கன அளவு சரியாக பை. இதில் நான் ஒவ்வோர் ஆண்டும் மகிழ்ச்சியோடு காட்டும் ஒன்று இருக்கிறது. சுழற்றிக் கிடைத்த அந்தக் குன்றை, ஷெல்களாக உரிக்காமல், இணையான செங்குத்துத் தளங்களால் ரொட்டித் துண்டுகளாக வெட்டினால், ஒவ்வொரு துண்டும் அதே மணி வளைவரைதான், உயரம் மட்டும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறைந்திருக்கும். அந்தத் துண்டுகளைக் கூட்டினால், மணி வளைவரையின் கீழ் உள்ள முழுப் பரப்பின் வர்க்கம் வருகிறது. ஒரே குன்று, ஒரே கன அளவு. எனவே அந்தப் பரப்பின் வர்க்கம் பை, பரப்பு பையின் வர்க்கமூலம். நிகழ்தகவுப் பாடத்தில் இயல்நிலைப் பரவலின் சூத்திரத்துக்குள் பை எப்படி வந்தது என்பதற்கு விடை இதுதான்.

கடைசியாக, அச்சை நகர்த்தினால் என்ன ஆகும் என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அச்சு ஒய் = −1 என்றால் இரண்டு ஆரங்களிலும் 1 கூடுகிறது, அவ்வளவுதான்; (எக்ஸ் + 1)² − (எக்ஸ்² + 1)² என்பதைத் தொகையிட 7/15, கன அளவு 7பை/15. நிறைமையம் இப்போது 7/5 தொலைவில் இருப்பதால் பாப்பஸ் தேற்றமும் அதையே தருகிறது. அச்சு ஒய் = 1/2 என்றால் எச்சரிக்கையாக இருங்கள். அது பரப்பை ஊடறுத்துச் செல்கிறது. சூத்திரத்தை அப்படியே எழுதினால் −பை/30 என்று எதிர்க்குறியுடன் விடை வரும். அச்சுக்குக் கீழே உள்ள பகுதியை அது கழித்துவிடுகிறது. சுழலும்போது மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே இடத்தை இருமுறை நிரப்புவதையும் அது அறியாது. அங்கே ஒவ்வோர் எக்ஸுக்கும் அச்சிலிருந்து மிகத் தொலைவான புள்ளியும் மிக அருகிலான புள்ளியும் எவை என்று படம் வரைந்து பார்த்து, இடைவெளியைப் பகுதிகளாகப் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும். பரப்பின் ஓர் எல்லையான ஒய் = எக்ஸ் என்ற சாய்கோட்டையே அச்சாக எடுத்தால், நிறைமையம் (1/2, 2/5) என்ற புள்ளியில் இருப்பதாலும், அது அக்கோட்டிலிருந்து 1/10-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்த தொலைவில் இருப்பதாலும், கன அளவு உங்கள் பை/30-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. பாப்பஸை நம்பி விட்டுவிடாமல், அந்தச் சாய்கோட்டுக்குச் செங்குத்தாகப் பட்டைகளை நிறுத்தி நேரடியாகவும் செய்து பாருங்கள்: பட்டையின் நீளம் (எக்ஸ் − எக்ஸ்²)-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது; கோட்டின் வழியே நகரும் தூரம் (எக்ஸ் + எக்ஸ்²)-ஐ அதே எண்ணால் வகுத்தது. தடிமனாக எடுக்க வேண்டியது அந்த இரண்டாவது அளவின் வகையீடு. அதை மறந்து வெறும் எக்ஸின் மாற்றத்தை எடுத்தால் விடை தவறும். தொகையீட்டின் இரு பகுதிகளும் தனித்தனியே 1/30 என்று வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.